கொல்கத்தாவின் மண் பாதைகள்: பராமரிப்பது யார்?

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதுக்கு? கொல்கத்தாவில் அதற்கும் ஒரு இடம் இருக்கு: நகரின் கிழக்கு ஓரத்து ஈரநிலம். 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 12,500 ஹெக்டேர். நகரத்துச் சாக்கடை நீர் இங்குள்ள 'பேரி' எனும் ஆழமில்லாத குளங்களில் வெயிலாலும் பாசியாலும் தெளிந்து மீன் வளர்க்கிறது. பேரிகளைப் பிரிக்கும் மண் கரைகள்தான் பாதை.

கோடையில் கரை சிமென்ட் தளம் மாதிரி இறுகிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கதையே வேற. வண்டல் களிமண் டயரில் அப்பி, சக்கரமே சுற்றாது. அதைவிடப் பெரிய சிக்கல், டயர் பதிக்கும் பள்ளம். அதில் நீர் தேங்கி ஊறினால், கரை அங்கிருந்து சரிய ஆரம்பிக்கும். கரை உடைந்தால் நமக்கு ஒரு ரூட் போச்சு. அவர்களுக்கு அந்தக் குளத்து மீனே போச்சு.

'அவர்கள்' என்றால் பேரித் தொழிலாளர்கள். பராமரிப்பும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். சரிந்த இடத்தில் மண் வெட்டிப் போடுகிறார்கள். அலை அரிக்காமலிருக்க ஓரத்தில் ஆகாயத்தாமரையை வளரவிடுகிறார்கள். (மற்ற ஊர்களில் அதை அகற்றத்தான் டெண்டர்!) அலுமினியப் பானையில் மீன் ஏற்றி விடியலில் சந்தைக்கு மிதிப்பவர்கள்தான் இங்கே உண்மையான லோக்கல் ரைடர்கள்.

மழை விட்டதும் கிளம்பாதீங்க. செருப்புத் தடம் ஆழமாகப் பதிந்தால் திரும்பிடுங்க. சேற்றைத் தவிர்க்க விளிம்பில் ஓட்டாதீங்க, முதலில் உடைவது அதுதான். மீன் சைக்கிள் எதிரே வந்தால் இறங்கி வழிவிடுங்க. தண்ணீர் ததும்பும் பானையோடு அதைச் சட்டென நிறுத்த முடியாது.