சொறி பிடித்த புரவியும் நம் முன்னோர் சுமந்த அமானிதமும்

புரவியின் கழுத்தில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, அது ஓயாமல் சுவரில் உராயத் தொடங்கினால், வளர்ப்பவர் நெஞ்சில் எழும் முதல் அச்சம், இது மற்றவற்றுக்கும் பரவுமோ என்பதே. இவ்வச்சம் புதியதன்று.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு கிராமவாசி இதனை முறையிட்டார். மான்களைப் போல் பொலிவுடன் திரியும் ஒட்டகங்களிடையே சொறி கண்ட ஒன்று கலந்ததும் அனைத்துக்கும் சொறி பிடித்துவிடுகிறதே என்றார். அப்படியாயின் முதல் ஒட்டகத்துக்கு அதனைத் தொற்றச் செய்தவர் யார் என அண்ணலார் வினவினார்கள். இவ்வினாவை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னெச்சரிக்கையே தேவையில்லை என நம்முள் சிலர் எண்ணிவிடுகிறோம். ஆனால் நோயுற்ற கால்நடையை நலமுள்ளவற்றிடம் கொண்டுசெல்லலாகாது என்ற கட்டளையையும் அதே அபூஹுரைரா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். இரண்டும் புகாரியில் உள்ளன. நோயும் நலமும் இறைவன் நாட்டப்படியே என்பது ஈமான். நோயுற்றதைப் பிரித்துக் கட்டுவது நம் கடமை.

அரபு மக்கள் இந்நோயை ‘ஜரப்’ என்றனர். சொறி கண்ட ஒட்டகத்துக்குக் கீல் பூசுவது அவர்களின் பழைய வழக்கம். இஸ்லாமிய நாகரிகம் வளர்ந்தபோது ‘பைத்தரா’ என்னும் கால்நடை மருத்துவம் தனிக்கலையாயிற்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸிய அரண்மனை லாயத்தோடு தொடர்புடைய இப்னு அகீ ஹிஸாம், குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் இணைத்து நூல் எழுதினார். எகிப்தில் மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதின் குதிரை மருத்துவரான அபூபக்ர் இப்னு பத்ர், ‘நாஸிரி’ எனப் புகழ்பெற்ற விரிவான நூலை இயற்றினார்.

இன்றைய மருத்துவம் இந்நோயின் காரணத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணிகள் தோலுக்குள் துளைத்து முட்டையிடுவதால் சொறி உண்டாகிறது. வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்தால் அது பெரும்பாலும் பூஞ்சையால் வரும் படர்தாமரை. ஒரே தூரிகையையும் சேணத் துணியையும் பல குதிரைகளுக்குப் பயன்படுத்துவதால் இரண்டும் பரவுகின்றன. நோயுற்றதைத் தனியே கட்டுவதே இன்றும் முதல் வேலை.

இவ்வரலாற்றில் நமக்கு நெருடலான ஏடும் ஒன்றுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவிலிருந்து காயல் துறைக்குப் புரவிகள் வந்திறங்கின. ஒரு புரவியின் விலை 220 செம்பொன் தீனார் என வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கிறார். அவற்றுள் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்தவரின்றி விரைவில் மடிந்தன என்றும், மீண்டும் விற்கலாம் என்ற ஆசையால் வணிகர்கள் குதிரை மருத்துவரை அங்கே வரவிடவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதினார். ஏடு ஏடாக எழுதப்பட்ட கல்வி இருந்தும், அது தேவைப்பட்ட இடத்தை அடையாமல் இலாபம் தடுத்திருக்கிறது.

வாயில்லாப் பிராணிகள் அமானிதம். வீட்டு ஆடாயினும் பூனையாயினும், அதன் தோலில் ஒரு புண்ணைக் கண்டால் விதியென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவோம். நாம் அறிந்ததை அண்டை வீட்டாருக்கும் சொல்வோம். அவற்றைப் பற்றியும் நாளை நாம் வினவப்படுவோம். வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.