மந்தையிலிருந்து ஓர் ஆடு: மேய்ப்பராகிய கடவுள்மீதான தனிமனித நம்பிக்கையின் வரலாறு

கடவுள் ஒவ்வொருவரையும் தனியே அறிந்து மேய்க்கிறார் என்ற நம்பிக்கை இன்றைய கிறிஸ்தவ பக்தியில் மிக இயல்பானது. ஆனால் பண்டைய மேற்காசியாவில் மேய்ப்பன் என்பது முதலில் அரசனுக்குரிய பட்டம். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி, தன் சட்டத் தொகுப்பின் முன்னுரையில் தன்னை மேய்ப்பன் என்றே அழைத்துக்கொள்கிறான். எபிரேய மறைநூலும் பெரும்பாலும் இந்த வழக்கையே பின்பற்றுகிறது. பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தைச் சேர்ந்த எசேக்கியேல் 34ஆம் அதிகாரம், மந்தையை மேய்க்காமல் தாங்களே கொழுத்த தலைவர்களைச் சாடுகிறது. ஆடுகளைத் தாமே தேடப்போவதாகக் கடவுள் அங்கே அறிவிப்பது, அந்தத் தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்குவதற்குச் சமம். அதில் பேசப்படுவது ஒரு மக்களுக்குக் கிடைக்கவேண்டிய நீதி. தனிமனிதரின் மன ஆறுதல் அல்ல.

இந்தப் பொதுப்போக்கிலிருந்து விலகி நிற்கும் இடங்கள் குறைவு. ஆதியாகமம் 48இல் சாகுந்தறுவாயில் இருக்கும் யாக்கோபு, தன் ஆயுள் முழுவதும் கடவுள் தன்னை மேய்த்ததாகச் சொல்கிறார்; அவரே ஆடு மேய்த்தவர். மற்றொன்று 23ஆம் சங்கீதம். அதன் தொடக்க வசனங்கள் கடவுளைப் படர்க்கையில் விவரிக்கின்றன. மரண நிழலின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு முன்னிலைக்கு மாறுகிறது. கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் அங்கேதான் அவரை நேராகப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார். தனிமனித நம்பிக்கையின் வரலாறு இந்த மாற்றத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து.

லூக்கா 15இன் நூறு ஆடுகளில் காணாமற்போன ஒன்றும், ஆடுகளைப் பெயர்சொல்லி அழைத்து அவற்றுக்காக உயிரைக் கொடுக்கும் யோவான் 10இன் மேய்ப்பரும் இந்த இழையை வலுப்படுத்தினர். ஆனால் விசுவாசிகள் அதை எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று கிடைப்பது கி.பி. 203இல், கார்த்தேஜ் நகரச் சிறையில்.

அங்கே மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த பெர்பேத்துவா சுமார் 22 வயதுப் பெண், கைக்குழந்தையின் தாய். சிறையில் அவர் எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைத்துள்ளன. அவர் கண்ட காட்சியில், ஏணி ஒன்றின் உச்சியில் பரந்த தோட்டம். நடுவே மேய்ப்பர் உடையில் நரைத்த முதியவர் பால் கறந்துகொண்டிருக்கிறார். பெர்பேத்துவாவை வரவேற்று, பாற்கட்டியில் ஒரு துண்டைக் கொடுக்கிறார். பெர்பேத்துவா கைகளைக் குவித்து வாங்கி உண்கிறார். விழித்தபோதும் வாயில் ஏதோ இனித்தது என்கிறார். விடுதலை கிடைக்கும் என்று அவர் இதற்குப் பொருள் கொள்ளவில்லை; சாவு உறுதி என்றே புரிந்துகொண்டார். ஆபத்தைத் தடுப்பவராக இல்லாமல், ஆபத்துக்கு அப்பால் காத்திருப்பவராக மேய்ப்பர் தோன்றுவது கவனத்துக்குரியது.

அதே ஊரில் அதே தலைமுறையில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் வேறுவிதமாக வாதிட்டார். கிண்ணங்களில் ஆடு சுமக்கும் மேய்ப்பரை வரைந்து, எப்பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு என்று சிலர் நம்பியது அவருக்குப் பொறுக்கவில்லை. காணாமற்போன ஆடு வழிதவறிய கிறிஸ்தவரைக் குறிக்காது, இன்னும் நம்பாதவரையே குறிக்கும் என்றார். கடுமையான மனிதர்தான். ஆனால் சாதாரண மக்கள் அந்த உருவத்தில் தங்களையே கண்டார்கள் என்பதற்கு அவருடைய எரிச்சலே நல்ல சாட்சி.

ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில், குறிப்பாகப் பிரிசில்லா, கலிஸ்துஸ் கல்லறைகளில், ஆட்டைத் தோளில் சுமக்கும் இளைஞன் மீண்டும் மீண்டும் வருகிறான். இந்த உருவம் கிரேக்க, ரோமக் கலையில் முன்பே இருந்தது; எனவே ஒவ்வொன்றையும் கிறிஸ்து என்று கொள்வது அவசரம். சிரியாவில் யூப்ரத்தீஸ் கரையிலுள்ள துரா யூரோப்போஸில் ஐயத்துக்கு இடமில்லை. கி.பி. 256இல் சாசானியப் படையால் அழிந்த அந்நகரின் வீட்டுத் தேவாலயத்தில், ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலேயே மேய்ப்பர் தீட்டப்பட்டிருக்கிறார். நான்காம் நூற்றாண்டு மிலானிலும், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் நற்கருணைக்குச் செல்லும்போது 23ஆம் சங்கீதத்தைச் சொன்னதை அந்நகர ஆயர் அம்புரோஸ் விளக்குகிறார். அன்று அது புதுவாழ்வில் கால் வைப்பவர்களின் பாட்டு.

ஐந்தாம் நூற்றாண்டில் ரவென்னாவின் காலா பிளாசிடியா மண்டபத்தில் அதே மேய்ப்பர் பொன்னாடை அணிந்து, கையில் கோலுக்குப் பதில் சிலுவையுடன் அமர்ந்திருக்கிறார். பேரரசு கிறிஸ்தவமாகிவிட்டது, மேய்ப்பர் பேரரசராகிவிட்டார். பின்னர் இவ்வுருவம் கலையிலிருந்து பெரும்பாலும் மறைகிறது. 590இல் திருத்தந்தையான மகா கிரகோரி ஆயர்களுக்காக எழுதிய மேய்ப்புப்பணி நூல் மேற்கு ஐரோப்பா முழுவதும் பரவியது. மேய்த்தல் ஒரு பதவியின் கடமையாக நிலைபெற்றது. கோல் ஆயர் கைக்குப் போனது.

தனிக்குரல் மீண்டும் ஓங்கியது சீர்திருத்தக் காலத்தில். 23ஆம் சங்கீதத்துக்கு லூத்தர் தந்த விளக்கம் 1536இல் வெளிவந்தது. அது அவர் வீட்டு உணவு மேசையில் பேசியது. 1650இன் ஸ்காட்லாந்து சங்கீதப் புத்தகம் அந்தச் சங்கீதத்தை எளிய சந்தத்தில் எல்லோர் வாய்க்கும் கொண்டுவந்தது. ஆனாலும் 1662இன் ஆங்கிலிக்க வழிபாட்டு நூலில் அடக்க ஆராதனைக்குரியவை 39, 90ஆம் சங்கீதங்களே. இன்று பல நாடுகளில் சாவு வீட்டுச் சங்கீதமாகவே 23 கருதப்படுவது பிற்கால வளர்ச்சி.

ஆடு வளர்த்த அனுபவத்தைக் கொண்டு பிலிப் கெல்லர் 1970இல் இந்தச் சங்கீதத்துக்கு எழுதிய விளக்கநூல் பெரும் வாசகரைப் பெற்றது. அதில் வாசகர் ஒவ்வொருவரும் தம்மை ஓர் ஆடாகக் கண்டு ஆறுதல் பெறமுடியும். ஆனால் இவ்வகைத் தியான இலக்கியத்தில் மந்தையை மேய்க்கத் தவறிய அதிகாரிகளைப் பற்றிய எசேக்கியேலின் கேள்வி அரிதாகவே எழுகிறது. தனிமனித நம்பிக்கை வென்றபோது அந்தக் கேள்வி கைவிடப்பட்டதை இழப்பு என்றே கருதுகிறேன். பெர்பேத்துவாவிடம் நம்பிக்கையும் அதிகாரத்தை நோக்கிய கேள்வியும் சேர்ந்தே இருந்தன; ஆளுநர் முன் பலியிட மறுத்துத்தான் அவர் சிறையிலிருந்து அரங்குக்குப் போனார்.