தீச்சூளை நாடகமும் ஆட்சியாளரும்

கொடுங்கோல் மன்னரைப் பற்றிய வரலாற்று நாடகங்களை என்றோ மறைந்தவர்களின் கதைகளாகவே நாம் கண்டு களிக்கிறோம். ஆட்சிப் பீடத்தில் அமர்ந்திருப்போர் அவற்றை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. இதற்கு இரஷ்ய இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டைனின் ‘பயங்கர இவான்’ என்னும் திரைப்படம் தக்க சான்றாகும்.

1547இல் ‘சார்’ மன்னனாக முடிசூடிய இவான் நாட்டின் எல்லையை விரித்தவன். அவனே 1565இல் தனக்கெனக் கறுப்பு உடைப் படையொன்றை அமைத்துப் பிரபுக்களை வேட்டையாடினான். 1570இல் நோவ்கொரோத் நகரைச் சூறையாடினான். அவனைக் கண்டித்த பேராயர் பிலிப்பு பதவி பறிக்கப்பட்டு, 1569இல் கொல்லப்பட்டார்.

இம்மன்னனைப் போற்றும் படமொன்றை எடுக்குமாறு 1941இல் ஸ்டாலினின் அரசு ஐசன்ஸ்டைனைப் பணித்தது. 1945இல் வெளிவந்த முதற்பகுதி, மறு ஆண்டு ஸ்டாலின் பரிசைப் பெற்றது. அதே 1946இல் இரண்டாம் பகுதி தடைசெய்யப்பட்டது.

அப்பகுதியில் வரும் ஒரு காட்சி நம் சிந்தனைக்குரியது. தானியேல் நூலில் நாம் வாசிக்கும் தீச்சூளை நிகழ்ச்சி பேராலயத்தில் இவானின் முன் நடிக்கப்படுகிறது. அவனுக்குப் பாடம் புகட்ட எண்ணிய பேராயரின் ஏற்பாடு அது. நெபுகத்னேசரின் கொடுமையைக் கண்ட குழந்தையொன்று, இவானைச் சுட்டிக்காட்டி, அந்தக் கொடிய அரசன் இவர்தானா என்று தாயிடம் கேட்கிறது. இவான் மனம் வருந்தவில்லை. அவர்கள் சூட்டிய பெயருக்கு ஏற்பவே இனி நடக்கப்போவதாகச் சூளுரைக்கிறான்.

1947 பிப்ரவரியில் ஓர் இரவு ஸ்டாலின் இயக்குநரைக் கிரெம்ளினுக்கு அழைத்துப் படத்தின் குறைகளை எடுத்துரைத்தார். இவானின் கொடுமையைக் காட்டலாம். அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும் என்றார். இவானைத் தயங்குபவனாகக் காட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. ஐந்து பிரபுக் குடும்பங்களை ஒழிக்காமல் விட்டதே இவானின் தவறு என்றும், கொன்றபின் வருந்திச் செபித்ததால் கடவுள் அவனுக்கு இடையூறாகிவிட்டார் என்றும் கூறினார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். இவானிடம் எஞ்சியிருந்த மனச்சான்றின் உறுத்தலே ஸ்டாலினுக்குக் குறையாகப் பட்டது. நம் காலத்திலும் தயங்காத தலைவரை உறுதிமிக்கவர் என்று மெச்சுகிறோம்; செய்ததை எண்ணி வருந்துபவரைக் கோழை என்கிறோம். அத்தகைய கைதட்டலில்தான் கொடுங்கோன்மை துணிவு பெறுகிறது.

ஐசன்ஸ்டைன் 1948இலும் ஸ்டாலின் 1953இலும் இறந்தனர். இரண்டாம் பகுதி 1958இல்தான் திரைக்கு வந்தது.

ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை இறைவாக்கினர் நாத்தான் கூறியபோது, அச்செல்வன் தானே என்பதைத் தாவீது அரசர் ஏற்றுக்கொண்டார். கதை சொன்னவரின் வாயை அவர் அடைக்கவில்லை. நம்மை ஆள வருவோரிடம் ஆற்றல் உண்டா என்று கேட்கும் நாம், இந்தத் தகுதி உண்டா என்றும் கேட்டுப் பழக வேண்டாமா?