பெயர் பெறாத துன்பம்

ஆலந்து நாட்டின் ஸ்கீடாம் நகரில் 1380ஆம் ஆண்டில் பிறந்தவர் லிட்வினா. பதினைந்து வயதளவில் உறைபனிமீது சறுக்கி விளையாடுகையில் விழுந்து, விலா எலும்பு முறிந்தது. அதன்பின் நடை தளர்ந்தது, பார்வையும் மங்கியது. 1433இல் இறக்கும்வரை படுக்கையே அவரது உலகமாயிற்று. அவருக்கு மக்கள் செலுத்திவந்த வணக்கத்தைத் திருத்தந்தை 13ஆம் லியோ 1890இல் உறுதிசெய்தார். தண்டுவட மரப்பு நோய் எனப்படும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸின் மிகப் பழைய பதிவு இவருடைய வரலாறாக இருக்கலாம் என மருத்துவ ஆய்வாளர் சிலர் கருதுவர்.

இந்நோயைத் தனி நோயாக 1868இல் தெளிவுற விளக்கியவர் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ. மின்கம்பிக்கு உறைபோல நரம்பிழைகளைக் காக்கும் படலத்தை, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே பகையென எண்ணித் தாக்குகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்புகள் தோன்றுகின்றன. எந்த இடம் பழுதுபடுகிறதோ அதற்கேற்பப் பார்வை மங்கும், கால் மரக்கும், நடை தள்ளாடும். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் தொடங்கும் இந்நோய், ஆண்களினும் பெண்களையே மிகுதியாய்ப் பற்றுகிறது.

பலருக்கு நோய் சிலகாலம் தணிந்து மீண்டும் மூளும். நேற்று நடந்தவர் இன்று எழ இயலாமற் கிடப்பார். பெருஞ்சோர்வோ பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே முற்காலத்தில் பெண்கள் பலர் ‘ஹிஸ்டீரியா’ என்று ஒதுக்கப்பட்டனர். உடலுழைப்பு மிகுந்தால் பார்வை மேலும் மங்குவதை 1890இல் ஊட்டோஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் பதிவுசெய்தார். சித்திரை வெயிலில் ஒக்கூரிலோ அதனை அடுத்த செட்டிநாட்டு ஊர்களிலோ இந்நோயுற்ற ஒருத்தி அடுப்படியில் தளர்ந்து அமர்ந்தால், அதனைச் சோம்பல் என்று சொல்வது எவ்வளவு எளிது!

1980களில் வந்த காந்த அலைப் படக்கருவி மூளைத் தழும்புகளைக் கண்முன் காட்டியது. 1993இல் நோயின் வேகத்தைத் தணிக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. முற்றும் நீக்கும் மருந்து இன்றுமில்லை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லியே ஏற்றுள்ளது.

சட்டம் ஏற்றதை வீடும் ஏற்கவேண்டும். ஊன்றுகோல் பிடித்தவருக்கு நாம் தயங்காது வழிவிடுகிறோம். நோயின் அடையாளம் ஏதும் வெளித்தெரியாத ஒருவர், “என்னால் இன்று இயலவில்லை” என்னும்போது, சான்று கேளாமல் அச்சொல்லை நம்புவதே அவருக்கு நாம் செய்யும் முதல் உதவி.