மழை விட்டதும் புல் வெட்டப் போறீங்களா? எலெக்ட்ரிக் டிரிம்மரை ஆன் பண்ணும் முன் இதைப் படிங்க!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தால் போதும், அசோக் நகர், கே.கே.நகர் பக்கம் காம்பவுண்டு சுவர் ஓரமெல்லாம் கோரையும் அருகம்புல்லும் மண்டிவிடும். வெட்டுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால், பல வீடுகளில் எலெக்ட்ரிக் டிரிம்மர் வாங்கி வைத்திருக்கிறார்கள். மெஷின் சின்னதுதான். ஆனால் ஈரத் தரை, நீளமான வயர், சுழலும் நரம்பு மூன்றும் சேரும் இடத்தில் ஒரு சின்ன கவனக்குறைவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

டிரிம்மர் எப்படி வெட்டுகிறது?

1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ், கார் கழுவும் இடத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்துதான் இந்த யோசனைக்கு வந்தார். ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கட்டிச் சுழலவிட்டார். இன்றைய மெஷினிலும் அதே தத்துவம்தான். பிளேடு கிடையாது, நைலான் நரம்பின் வேகம்தான் புல்லை வெட்டுகிறது.

அந்த வேகம் எவ்வளவு? 30 செ.மீ. வட்டத்தில் நிமிடத்துக்கு 9,000 முறை சுற்றும் மெஷினில், நரம்பின் நுனி மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகத்தில் போகும். அதில் ஒரு ஜல்லிக்கல் பட்டால் கண்ணையே பதம் பார்த்துவிடும்.

முதல் கேள்வி: உங்க வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கா?

"எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எம்.சி.பி. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் ஆனால்தான் விழும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை, மனித உடல் வழியே பாயும் சில பத்து மில்லி ஆம்பியர் கசிவு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இதயத்தை நிறுத்த அந்த அளவே போதும்.

ஆர்.சி.சி.பி. வேலை செய்யும் விதமே வேறு. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையைத் துண்டித்துவிடும். வீடுகளில் இதைப் பொருத்த வேண்டும் என்று மின்வாரியமும் அறிவுறுத்தி வருகிறது. பொருத்தினால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆன் செய்யும் முன் என்ன செய்யணும்?

* புல் ஈரமாக இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். வெயில் வந்து தரை காய்ந்த பிறகு வெட்டலாம்.
* வயரை முழு நீளத்துக்கும் பாருங்கள். வெடிப்பு இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் வயரையே மாற்றிவிடுங்கள்.
* எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடக் கூடாது. சுருளாக இருந்தால் முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருட்டியபடியே ஓட்டினால் வயர் சூடாகி உருகும்.
* ஷூ, முழுக்கால் பேன்ட், கண்ணாடி கட்டாயம். ரப்பர் செருப்பு போதாது.
* ஒரு குச்சியால் புல்லைத் தட்டிப் பாருங்கள். பாம்பு இருந்தால் விலகிப் போகும். கல், கம்பி, பாட்டில் துண்டு இருந்தாலும் தெரிந்துவிடும்.
* குழந்தைகள், நாய், நிறுத்தி வைத்த வண்டி எதுவும் 15 மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

வயர் எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வயருக்கு அருகில் தொடங்கி, அதைவிட்டு விலகிப் போகும் திசையில் வெட்டிக்கொண்டே போங்கள். தன் வயரைத் தானே வெட்டிக்கொள்வதுதான் இந்த மெஷினில் அடிக்கடி நடக்கும் விபத்து.

வீட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் இருக்கும் மின்வாரிய பில்லர் பாக்ஸைச் சுற்றி நீங்கள் வெட்ட வேண்டாம். புதர் மண்டியிருந்தால் மின்வாரியத்தில் புகார் செய்யுங்கள்.

வேப்பமரம், முருங்கை, தென்னங்கன்று அருகே நரம்பைக் கொண்டுபோகாதீர்கள். அடிமரத்தின் பட்டை சுற்றிலும் உரிந்தால் மரம் பட்டுவிடும். அந்த இடத்தில் கையால் பிடுங்குவதே நல்லது.

இரும்புக் கம்பி, செயின் மாட்டலாமா?

கூடவே கூடாது. நரம்பு அடிக்கடி அறுந்துபோகிறது என்று சிலர் கட்டுக்கம்பியை மாட்டுகிறார்கள். அது துண்டானால் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். செயின் கண்ணி பறந்து உயிரிழப்பு நேர்ந்த பிறகு, இத்தகைய செயின் இணைப்புகளின் விற்பனையை 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. மெஷினோடு வந்த தடிமனில் நைலான் நரம்பு மட்டுமே போடுங்கள். பழைய நரம்பு காய்ந்து முறிகிறது என்றால், ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி வளையும்.

காப்புத் தகட்டையும் கழற்றாதீர்கள். கல் தெறிக்காமல் தடுப்பதோடு, நரம்பை அளவாக நறுக்குவதும் அதிலுள்ள சின்ன பிளேடுதான். நரம்பு நீண்டால் மோட்டாருக்குச் சுமை கூடி, கருகிய வாடை வரும்.

வேலை முடிந்த பிறகு...

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தலைப்பகுதியில் கை வைக்கணும். பேட்டரி மாடலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒட்டியிருக்கும் புல்லைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஹோஸ் பைப்பால் கழுவாதீர்கள். மோட்டார் காற்றுத் துளைகள் அடைபடாமல் இருக்கட்டும். பேட்டரியை மொட்டை மாடி வெயிலில் சார்ஜ் போட வேண்டாம். வீணான பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் கொடுங்கள்.

வேலைக்கு ஆள் வைத்தால்?

மெஷினும் பிளக் பாயின்ட்டும் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையதே. வருபவரிடம் ஷூவும் கண்ணாடியும் இல்லாவிட்டால் நீங்கள் கொடுங்கள். "மழை தூறுது, சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். அன்றைக்கு வேலை நிற்கட்டும்.

ஷாக் அடித்துவிட்டால்?

விழுந்தவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் வயரைத் தள்ளிவிடுங்கள். உடனே 108-க்கு அழையுங்கள். மூச்சு இல்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மின்சாரம் தொடர்பான புகார்களுக்கு மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்: 94987 94987.