ட்விக்கி: ஆப்பிள் திரும்ப வாங்கிக்கொண்ட பிளாப்பி டிரைவ்

பிளாப்பி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்த மூன்றரை அங்குல சதுரம்தான். ஆனால் ஆப்பிள் நிறுவனம் சொந்தமாக ஒரு டிரைவ் செய்து, ஒரே வருடத்தில் அதைக் கைகழுவிய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1983 ஜனவரியில் லிசா என்ற கணினியை ஆப்பிள் அறிமுகப்படுத்தியது. விலை 9,995 டாலர்! அதன் முன்பக்கத்தில் இரண்டு ஐந்தேகால் அங்குல டிரைவ்கள் இருந்தன. பெயர் ஃபைல்வேர். உள்ளே வேலை செய்தவர்கள் வைத்த செல்லப்பெயர் ட்விக்கி, அதாவது 1960களில் புகழ்பெற்ற ஒல்லியான பிரிட்டிஷ் மாடல் அழகியின் பெயர். ஆப்பிள் II கணினியின் பிளாப்பியில் 140 கேபி அடங்கிய காலத்தில், ட்விக்கி பிளாப்பியில் 871 கேபி அடங்கியது.

வழக்கமான இருபக்க டிரைவில் மேலும் கீழும் உள்ள ஹெட்கள் நேருக்கு நேர் நின்று வட்டைப் படிக்கும். ட்விக்கியிலோ ஒரு ஹெட் நடுமையத்துக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரே வட்டை அழுத்திப் பிடிக்க ஒரு சிறு பட்டை. அதனால் பிளாப்பி உறையிலும் இரண்டு திறப்புகள் தேவைப்பட்டன. கடையில் வாங்கிய சாதாரண பிளாப்பி இதற்கு உதவாது. இவ்வளவு செய்தும் டிரைவ் நம்பகமாக ஓடவில்லை.

அப்போது உருவாகிக்கொண்டிருந்த மேக்கின்டாஷுக்கும் முதலில் ட்விக்கிதான் திட்டம். அது தேறாது என்றானபின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனத்திடம் போகச் சொன்னார். பொறியாளர்களோ அவருக்குத் தெரியாமல் சோனியுடனும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஜாப்ஸ் திடீரென்று உள்ளே வர, அங்கிருந்த சோனி பொறியாளரை ஓர் அலமாரி அறைக்குள் ஒளித்துவைத்தார்களாம் :) ஆல்ப்ஸ் இன்னும் 18 மாதம் கேட்டபோது, அந்தத் திருட்டு வேலைதான் மேக்கைக் காப்பாற்றியது.

1984 ஜனவரியில் மேக்கும் லிசா 2ம் சோனியின் 400 கேபி டிரைவுடன் வந்தன. பழைய லிசா வாங்கியவர்களுக்கு ஆப்பிள் இலவசமாக மாற்றிக் கொடுத்தது: ட்விக்கியைக் கழற்று, முன்பலகையை மாற்று, சோனியைப் பொருத்து. வாடிக்கையாளருக்கு நல்ல பேரம்தான். பணம் கொட்டிக் கொடுத்தவர் பழுதான டிரைவை யாருக்காக வைத்திருப்பார்? ஆனால் அந்த நல்ல காரியமே அசல் லிசாவை அரிதாக்கிவிட்டது.

மிஞ்சிய டிரைவ் கிடைத்தாலும் உடனே பிளாப்பியைச் செருகக் கூடாது. பழைய கிரீஸ் இறுகியிருக்கும். ஹெட்டில் அழுக்கு இருந்தால் வட்டின் காந்தப் பூச்சையே சுரண்டிவிடும். உலகில் அந்த ஒரு வட்டில் மட்டும் இருக்கும் தகவல் என்றால் அதோடு போயிற்று. எனவே முதலில் சுத்தம், பிறகு நகல், கடைசியில்தான் பயன்பாடு.

இந்தப் பொறுமைக்குப் பலன் 2013ல் தெரிந்தது. ட்விக்கி பொருத்திய மேக் மாதிரி ஒன்றை இரண்டு சேகரிப்பாளர்கள் மீண்டும் ஓட வைத்தார்கள். டிரைவ் மட்டும் போதவில்லை, விற்பனைக்கு வராத பழைய மென்பொருள் அடங்கிய ட்விக்கி பிளாப்பியும் தேவைப்பட்டது.

2023 ஜனவரியில், லிசாவின் 40வது ஆண்டில், கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் ஆப்பிளின் அனுமதியோடு அதன் மூல நிரலை வெளியிட்டது. நிரல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை அசல் லிசாவில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர், முன்பலகையில் பிளாப்பி வாய் ஒன்றா இரண்டா என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.