பூட்டிய கதவும் திறந்த அலைகளும்

1952இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் நேரத்தைக் குறைத்து, சாஸ்திரிய சங்கீதத்துக்கு இடம் கொடுத்தார். பாடலோடு படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதுவும் நிறுத்தப்பட்டபோது, தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு அனுமதியை மீளப்பெற்றனர். அங்கே திரைப்பாடல் ஏறத்தாழ ஓய்ந்தது.

நேயர்கள் ஓயவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகளின் தேவைக்கென ஏக்கலையில் அமைந்த வலுமிக்க சிற்றலை நிலையம், போருக்குப் பின் நமது அரசாங்கத்தின் கைக்கு வந்திருந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. இந்தியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா', தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரல் என்று இலங்கை வானொலி கடல் கடந்தது. விளம்பரப் பணம் இங்கே வந்தது. 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி, மக்கள் கேட்க விரும்பியதைத் தானே கொடுத்த பிறகுதான் டில்லியால் தன் நேயர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது.

இதை நாம் நமது வெற்றிக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கேஸ்கரின் தோல்வியிலிருந்து நம்மவர்கள் எதையாவது கற்றார்களா என்பதே எனது கேள்வி.

2018 மார்ச்சில் திகனவிலும் கண்டியின் பிற ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பேஸ்புக்கில் வெறுப்பு பெருகியிருந்தது. மார்ச் 7இல் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அதற்குள் வீடுகள் எரிந்திருந்தன. வீ.பி.என். வழியே பலர் தடையைக் கடந்தனர். பாட்டும் வெறுப்பும் ஒன்றல்ல. வெறுப்பைத் தடுப்பது அரசின் கடமை. ஆனால் கதவைப் பூட்டும் முறை இங்கும் பிந்தியே வந்தது, ஓட்டையாகவே இருந்தது. தனது பங்குக்காக அந்தக் கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020இல்தான்.

கம்பனி கடலுக்கு அப்பால் இருக்கலாம். தீ வைத்தவரும் தூண்டியவரும் இங்கேதான் இருந்தார்கள். மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டமும் 2007 முதல் இங்கே இருந்தது. அளுத்கமவையோ திகனவையோ தடுக்க அது உதவவில்லை. 2019 ஏப்ரலில் அதே சட்டத்தின் கீழ் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் ஷக்திக சத்குமார கைதானார். நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். 2021இல்தான் வழக்கிலிருந்து விடுபட்டார்.

உலக ஊடகத்தின் முன் சிறிய நாடுகளின் அரசுகள் வலுவிழந்துவிட்டன என்கிறார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. தன் மண்ணில் தூண்டுபவனை உரிய நேரத்தில் நீதிமன்றத்தில் நிறுத்துவதற்கு எந்த அலைவரிசையும் தடையில்லை. எழுதுபவனைப் பிடிக்க முடிந்த கைக்கு அந்த வலு இருக்கவே செய்தது.